அண்ணா யுனிவர்சிட்டி சரி, எந்த வளாகம்?

பொறியியல் கவுன்சலிங்கில் “அண்ணா யுனிவர்சிட்டியே கிடைச்சிருச்சு” என்று யாராவது சொன்னால், கல்லூரி கோடு, அதாவது குறியீட்டு எண், என்ன என்று கேட்டுவிடுங்கள். தங்கைக்குக் கூட இருந்து எல்லாம் செய்து கொடுத்ததில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

கோடு 1 கிண்டி பொறியியல் கல்லூரி. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. 2 அதே வளாகத்துக்குள் இருக்கும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. 3 கட்டடக்கலைக்கு. 4 குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி), அப்துல் கலாம் படித்த இடம். 1978-இல் பல்கலைக்கழகம் பிறந்தது இவற்றைச் சேர்த்துத்தான். இது போக கோவை, மதுரை, நெல்லையில் மண்டல வளாகங்கள். திருச்சி, விழுப்புரம், ஆரணி, நாகர்கோவில் என்று பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகள். அப்புறம் நூற்றுக்கணக்கில் தனியார் இணைப்புக் கல்லூரிகள். அங்கே படித்தாலும் பட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கும். குழப்பம் வராமல் என்ன செய்யும்?

எங்களுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். ராஜாமடத்தில் ஓர் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. “வீட்டுல இருந்தே போயிட்டு வரலாம், அதுவும் அண்ணா யுனிவர்சிட்டிதானே” என்றார் சித்தப்பா. கட்டணமும் செலவும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் சென்னையின் நான்கு வளாகங்களுக்கும் பாடத்திட்டமே தனி. வளாகத்துக்கு வந்து ஆளெடுக்கும் நிறுவனங்களும் அங்கேதான் அதிகம். ரேங்க் எட்டினால் முதலில் அவற்றைப் போடுவது, ராஜாமடத்தைப் பின்னால் வைப்பது என்று முடிவானது.

ரேங்க் போடப் பார்க்கும் கட்-ஆஃப் மதிப்பெண்ணின் கணக்கு எளிது. கணிதம் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் 50, 50-ஆகக் குறையும். தங்கைக்கு 94, 44, 45: மொத்தம் 183. பொதுப் பட்டியலில் இதை வைத்துக்கொண்டு கிண்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. கைகொடுத்தது 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்; கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும். அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழ்தான் கொஞ்சம் அலைய விட்டது. எட்டு வரை ஒரு பள்ளி, அதற்கு மேல் இன்னொன்று என்பதால் இரண்டு தலைமை ஆசிரியர்களிடமும் கையெழுத்து வேண்டியிருந்தது. மே மாத விடுமுறையில் தலைமை ஆசிரியரைப் பிடிப்பது லேசான காரியமில்லை. பள்ளி திறந்திருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

அடுத்தது சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரியையும் பிரிவையும் விருப்ப வரிசையில் பதிவது. எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். “பத்து போதும்மா” என்றார் பிரவுசிங் சென்டர்காரர். தங்கை கேட்கவில்லை. நோட்டில் கல்லூரி கோடு, பிரிவு கோடு என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தாள். அவள் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். லாக் செய்யும் முன் ஒவ்வொரு வரியையும் நோட்டோடு ஒத்துப் பார்த்தோம்.

தற்காலிக ஒதுக்கீட்டில் வந்தது எம்.ஐ.டி., புரொடக்‌ஷன். அவள் அதற்கு மேலே கேட்டிருந்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். இங்கேதான் பலர் அவசரப்பட்டு ‘ஏற்றுச் சேர்கிறேன்’ என்று கொடுத்துவிடுகிறார்கள். ‘ஏற்கிறேன், மேலே இடம் வந்தால் மாற்றுங்கள்’ என்றும் ஒரு வாய்ப்பு உண்டு. கையில் இருக்கும் இடம் போகாது. மேலே உள்ள விருப்பத்தில் காலியானால் தானாக ஏறும். நாங்கள் அதைக் கொடுத்தோம். இன்ஸ்ட்ருமென்டேஷன் வந்துவிட்டது.

குரோம்பேட்டை ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். சேரும் அன்றைக்கு அசல் சான்றிதழ்களோடு நகல்களும் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அன்று நிற்க இடம் இருக்காது.