பாட்டி கேட்ட கேள்வி

“அங்க மழை பெஞ்சுதாம்மா?”

இன்று காலை ஜெபக்கூட்டத்தில், ஜோர்தான் பாலைவனத்தில் கூடாரம் போட்டு இடம்மாறி வாழும் பெதூயின் மேய்ப்பர்களுக்காக ஜெபிக்கலாம் என்றதும் பாட்டி ஒருவர் கேட்டது இது. ஆடு மேய்த்தே பிள்ளைகளை வளர்த்தவர்.

ஆட்டு மயிரில் நெய்த அவர்களுடைய கறுப்புக் கூடாரத்தைப் பற்றிச் சொன்னேன். வெயிலில் இழைகளுக்கு நடுவே காற்று வரும். மழை பட்டால் மயிர் ஊறி, இடைவெளி தானாக அடைத்துக்கொள்ளும்.

பாட்டியின் முகம் மலர்ந்தது.

அப்புறம் ஜோர்தானின் மஃப்ராக் நகரில் இருக்கும் அன்னூர் காசநோய் மருத்துவமனையைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் எலினோர் சோல்டாவும் நர்ஸ் எய்லீன் கோல்மனும் 1965-இல் தொடங்கியது. மாதக்கணக்கில் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டிய நோய். மேய்ச்சல் தேடி நகர்ந்துகொண்டே இருப்பவர் எப்படிச் சாப்பிடுவார்? அதனால் அங்கேயே தங்கவைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

சுவிசேஷப் பணி என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். இருமுகிறவர் பக்கத்தில் போய் உட்காருவது.

பாட்டிதான் ஜெபித்தார்.

“ஆண்டவரே, அந்தப் பிள்ளைங்க ஆட்டுக்குப் புல்லும் தண்ணியும் தாரும். இருமல் தீரட்டும். உம்மையும் அவங்க அறியட்டும்.”

இந்த வரிசையில்தான் கேட்டார்.

நாங்கள் ஆமென் சொன்னோம்.