இழப்பு: 0
விவசாயிகளிடம் கேட்டு நிரப்பும் கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு கட்டம்: 'அறுவடைக்குப் பின் இழப்பு, கிலோவில்.' தக்காளி விவசாயி சொன்ன பதில், "எதுவும் வீணாப்போகலைங்க, எல்லாம் வித்துடுச்சு." நான் 0 என்று எழுதினேன். அந்த 0 இன்னும் உறுத்துகிறது.

படிவத்தின் வரையறைப்படி தப்பில்லை. மனிதர் வாய்க்குப் போகாமல் விழுந்த எடைதான் இழப்பு. அறுவடைக்குப் பிறகு, சில்லறைக் கடைக்குப் போகும் முன்பே உலக உணவில் சுமார் 14 விழுக்காடு இழக்கப்படுவதாக ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2019-இல் சொன்னதே, அதற்குப் பின்னால் உள்ள உணவு இழப்புக் குறியீடும் அளவைத்தான் பிடிக்கிறது. நசுங்கிப் பாதி விலைக்குப் போன பழம் அதில் வராது.

ஆனால் அவருடைய கூடைகளைப் பார்த்திருந்தும் எழுதினேன், அதுதான் சங்கதி. விளிம்புக்கு மேலே குவித்து நிரப்பிய கூடைகள். மேல்கூடை கீழ்க்கூடையின் விளிம்பில் உட்காராது, பழத்தின் மேல்தான் உட்காரும். வண்டி குலுங்கக் குலுங்க அடிவரிசையில் சாறு கசியும். வெயில் ஏறிய பின் பறித்திருந்தால் இன்னும் மோசம்: வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் காயின் சுவாசம் இரண்டு மூன்று மடங்காகும். அத்தனையும் விற்றுத்தான் போகும், வேறு விலைக்கு.

"முதல் தரம் எத்தனை கூடை, கழிவு விலைக்கு எத்தனை?" என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பார். ஆனால் நினைவிலிருந்து சொல்லும் எண் எதற்கு ஆகும்? ஒரே சரக்குக்கு அடையாளமிட்டு, வயல், மொத்தச் சந்தை, கடை என மூன்று இடத்திலும் எடைபோட்டு, கூடையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் மாதிரி எடுத்துத் தரம் பிரிப்பதே சரி. தரம் இறங்கிய கிலோவை அன்றைய முதல் தர விலையோடு ஒப்பிட வேண்டும், நேற்றைய விலையோடு அல்ல. இல்லாவிட்டால் வரத்து கூடி விலை சரிந்த நட்டமும் நசுங்கலின் கணக்கில் ஏறிவிடும்.

அந்த 0 வியாபாரி பக்கக் கணக்கையும் கெடுத்தது. கடை விலையில் வயல் விலையைக் கழித்து 'இடைத்தரகர் லாபம்' என்று போடுவது வழக்கம். 100 கிலோ வாங்கி, 12 கிலோ கழித்துக்கட்டி, 3 கிலோ நீர் வற்றிப் போனால், மிச்சம் 85 கிலோதான். போட்ட முதலை எடுக்கவே வாங்கிய விலையைப் போல் சுமார் 1.18 மடங்குக்கு விற்றாக வேண்டும். வண்டிக்கூலியும் சுமைகூலியும் அதற்கு மேல். இழப்பு 0 என்றால் அத்தனையும் கொள்ளையாகத் தெரியும். அதற்காக வியாபாரி உத்தமர் என்று சொல்ல வரவில்லை. கூடைக்கு இவ்வளவு என்று எடையில் முன்கூட்டியே பிடித்துக்கொள்பவரும் அவரே. ஒரே சேதத்துக்கு விவசாயியிடம் ஒரு முறை, கடைக்காரரிடம் ஒரு முறை வசூல்.

இப்போதைய படிவத்தில் கிலோவுக்குப் பக்கத்தில் தரமும் விலையும் கேட்கும் கட்டங்கள் உண்டு. பழைய 0-க்களை நீக்கிவிடலாமா என்றால், இழப்பு உண்டு என்று சொன்னவர்கள் மட்டும் மிஞ்சி சராசரி எகிறும். வைத்திருந்தால் இறங்கும். அவற்றில் சில நிஜமான 0 ஆகவும் இருக்கும். எவை என்று பிரிக்க அந்தத் தாளில் ஒன்றுமில்லை.