கருப்பு ஓரக் கிளமெண்டே ஒருவழியாக மாட்டியது

பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட பழைய கார்டுகளைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. டாப்ஸ் நிறுவனத்தின் 1971 செட்டில் 630ஆம் எண், ராபர்ட்டோ கிளமெண்டே, ஓரத்தில் மார்க்கர் பேனா படாத கார்டாகக் கைக்கு வந்துவிட்டது. கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விலை நிற்க வேண்டுமென்றால் ஆடி முடித்தவரின் பழைய கார்டைத்தான் வாங்குவேன். இன்று கலக்கும் பையனின் ரூக்கி கார்டு (அறிமுகக் காலத்துக் கார்டு), அவன் தோள்பட்டை போனால் அதன் விலையும் கூடவே போய்விடும். கிளமெண்டே சரியாக 3000 ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டுவது) அடித்தவர். 1972இன் கடைசி நாளில், நிகராகுவா நிலநடுக்கத்துக்கு நிவாரணம் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டே பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம். அந்தப் பெயர் இனி இறங்காது. மாறாக, விலைபோகாத 1987 டாப்ஸின் மர ஓரக் கார்டுகளைத்தான் இன்னும் பெட்டி பெட்டியாக என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். சும்மா கொடுத்தாலும் வைக்க இடமில்லை.

1971இன் தலைவலி அந்தக் கருப்பு ஓரம். லேசாக உரசினாலே உள்ளிருக்கும் வெளிர் அட்டை பல்லிளிக்கும். அதை மார்க்கரால் தீற்றி மறைக்கும் புண்ணியவான்கள் நிறைய. உறைக்குள் வைத்து நேராகப் பார்த்தால் சத்தியமாகத் தெரியாது. வெளியே எடுக்கச் சொல்லி, முதலில் அட்டையின் கனத்தைப் பக்கவாட்டில் பார்க்கிறேன். அச்சு மை முகப்பில் மட்டும்தான் இருக்கும், வெட்டு விளிம்பு வெளிறித்தான் இருக்க வேண்டும். அங்கே கருப்பு ஊறியிருந்தால் அடுத்த வியாபாரியின் மேசைக்கு நகர்ந்துவிடுவேன். அப்புறம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், மார்க்கர் பட்ட இடம் மட்டும் வேறு மாதிரி மினுங்கும். மூலைகளுக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் லென்ஸ். எடுக்க விடாத வியாபாரியிடம் நான் பேரம்கூடப் பேசுவதில்லை.

என் கார்டில் கீழ் இடது மூலையில் கடுகளவு வெள்ளை தெரிகிறது. தெரியட்டும், மார்க்கர் படவில்லை என்பதற்கு அதுதான் எனக்குச் சாட்சி. இடது ஓரம் வலதைவிட அகலம், கிட்டத்தட்ட 60-40. கிரேடிங்குக்கு (தரம் பார்த்து மதிப்பெண் போடுவதற்கு) அனுப்பினால் கட்டணத்துக்குக் கட்டுப்படியாகுமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போதைக்கு டாப் லோடரில், அதாவது கெட்டி பிளாஸ்டிக் உறையில், கிடக்கிறது.

அதற்குள் கண் 1968 டாப்ஸ் செட்டுக்குப் போய்விட்டது. 177ஆம் எண், பந்துவீச்சாளர்கள் நோலன் ரயனும் ஜெர்ரி கூஸ்மனும் சேர்ந்திருக்கும் ரூக்கி கார்டு. அதன் ஓரம் சாக்குத்துணி நிறம். மார்க்கர் வேலை அதில் எப்படித் தெரியும் என்று பார்க்க, அந்த வருடத்து மலிவான கார்டுகள் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன்.