செவ்வாய்க்கிழமை லூவ்ர் லீவு

போன வாரம் சித்தி பொண்ணு வாட்ஸ்அப்ல ஒரு எக்செல் ஷீட் அனுப்பிருந்தா. "அக்கா, மே மாசம் பாரிஸ் போறோம், நாலு நாள்தான், பிளான் ஓகேவான்னு பாத்து சொல்லு"ன்னு. தொறந்து பாத்தா செவ்வாய்க்கிழமைக்கு நேரா காலைல லூவ்ர் மியூசியம், மத்தியானம் ஓர்சே மியூசியம், சாயங்காலம் ஈஃபில் டவர், நடுவுல 'டைம் இருந்தா' ஒராஞ்ஜெரின்னு இன்னொரு மியூசியம். எனக்கு சிரிப்பு தாங்கல, ஏன்னா 2024 அக்டோபர்ல நாங்க போனப்போ நான் போட்ட ஷீட்டும் அச்சு அசல் இதேதான். அவளுக்கு வாய்ஸ் நோட்ல சொல்ல ஆரம்பிச்சேன், ஏழு நிமிஷம் ஆகியும் லூவ்ர் வாசலைக்கூட தாண்டல, சரி எழுதியே வெச்சிடலாம்னு இங்க வந்துட்டேன்.

முதல் விஷயம் லீவு நாள். நம்ம எழும்பூர் மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு மாதிரி அங்கயும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு கிழமை உண்டு. லூவ்ர், ஒராஞ்ஜெரி, கிமே மியூசியம் இதெல்லாம் செவ்வாய். ஓர்சே திங்கள், வெர்சாய் அரண்மனையும் திங்கள், பாரிஸ் நகராட்சி நடத்துற கார்னவாலே, பெத்தி பாலே மியூசியம் ரெண்டும் திங்கள்தான். நாங்க சனிக்கிழமை காலைல இறங்கி புதன் காலைல ட்ரெயின் ஏறணும். அதாவது கைல இருந்த நாலு நாள்ல ரெண்டு நாள் பாதி ஊரு பூட்டு. இது எனக்கு எப்படி தெரிஞ்சதுன்னா, லூவ்ர் சைட்ல செவ்வாய்க்கிழமை டிக்கெட் எடுக்க ரெண்டு ராத்திரி உக்காந்து ரிஃப்ரெஷ் பண்ணிட்டே இருந்தேன், தேதி சாம்பல் கலர்லயே இருந்துச்சு. திருப்பதி 300 ரூபாய் தரிசன டிக்கெட் எடுத்துப் பழகின கை, தேதி திறக்கலன்னா ஃபுல் ஆயிடுச்சு, யாராவது கேன்சல் பண்ணுவாங்கன்னுதான் தோணும். மூணாவது நாள் வீட்டுக்காரர் பின்னாடி நின்னு பாத்துட்டு "எல்லா செவ்வாயும்தானே சாம்பலா இருக்கு"ன்னாரு. மனுஷன் அப்படியே போய் தூங்கிட்டாரு, நான்தான் தலைல கை வெச்சுட்டு உக்காந்திருந்தேன்.

ஒண்ணு மூடினா அந்தக் கூட்டம் இன்னொண்ணுக்குப் போகும், அதையும் சேத்து கணக்கு போடணும். திங்கள்கிழமை ஓர்சே இல்லாததால லூவ்ர்ல நெரிசல், செவ்வாய்க்கிழமை நேர்மாறு. சாயங்காலம் லேட்டா திறந்திருக்கிற நாளும் இருக்கு, லூவ்ர் புதனும் வெள்ளியும் ராத்திரி 9 வரைக்கும், ஓர்சே வியாழன் 9.45 வரைக்கும். எங்க தேதிக்கு இது எதுவுமே அமையல, ஆனா சித்தி பொண்ணுக்கு புதன் அமையுது. மே 1 அன்னிக்கு லூவ்ர், ஓர்சே ரெண்டும் கிடையாது, அதை மட்டும் பாத்துக்க சொல்லியிருக்கேன்.

அப்புறம் டைம் ஸ்லாட். லூவ்ர்ல இத்தனை மணிக்குன்னு போட்ட டிக்கெட்தான் நடைமுறை. 18 வயசுக்கு கீழ ஃப்ரீ, இது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதனாலதான் மாட்டிக்கிட்டேன். பையனுக்கு ஒன்பது வயசு, ஃப்ரீதானேன்னு அம்மாவுக்கும் எங்க ரெண்டு பேருக்கும் மட்டும் காலை 9 மணி ஸ்லாட் எடுத்தேன். ஒரு வாரம் கழிச்சுதான் ஃப்ரீயா இருந்தாலும் அவனுக்கும் பூஜ்யம் யூரோ டிக்கெட்டுன்னு ஒண்ணு எடுக்கணும்னு பாத்தேன், அதுக்குள்ள 9 மணி ஸ்லாட் தீந்துபோச்சு. 9.30க்கு கெடச்சுது, வாசல்ல கெஞ்சலாம்னு பிரெஞ்சுல ரெண்டு வரி மனப்பாடம் வேற பண்ணிட்டுப் போனேன், அந்த ஆளு டிக்கெட்டைப் பாத்தாரு, பையனைப் பாத்தாரு, கையைக் காட்டி உள்ள போகச் சொல்லிட்டாரு. மனப்பாடம் வேஸ்ட். ஆனா எல்லா நாளும் அப்படி விடுவாங்கன்னு நம்பிப் போகாதீங்க.

நாங்க போனப்போ லூவ்ர் டிக்கெட் 22 யூரோ. 2026 ஜனவரியிலேர்ந்து ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு 32 ஆக்கிட்டாங்க, அதாவது நமக்கு. நாலு பேர் குடும்பம்னா ஷீட்ல டிக்கெட் செலவை மறுபடி கூட்டிப் பாக்கணும். பல மியூசியத்துக்கும் சேத்து ஒரே டிக்கெட்டா மியூசியம் பாஸ்னு ரெண்டு நாள், நாலு நாள், ஆறு நாளுக்கு விக்கிறாங்க, அதை வாங்கிட்டா எங்க வேணா நேரா நுழைஞ்சிடலாம்னு நெனைக்கிறாங்க. பாஸ் இருந்தாலும் லூவ்ர், ஒராஞ்ஜெரி, சான்ட் ஷாபெல்ங்கிற பழைய சர்ச், வெர்சாய் நாலுக்கும் தனியா நேரம் புக் பண்ணணும். வேகமா நடக்கிற ஆளுங்களுக்கு பாஸ் லாபம். அம்மாவோட போனா ஒரு நாளைக்கு ரெண்டு இடம்தான், எங்க கணக்குல அது நஷ்டம்தான்.

வரிசையில நிக்க வேண்டாம்னு விக்கிற டிக்கெட் பத்தி ஒரு புலம்பல் இருக்கு. ஓர்சேக்கு வீட்டுக்காரர் ஏதோ ஒரு சைட்ல ஆளுக்கு 34 யூரோ குடுத்து எடுத்துட்டாரு, பேர் வேண்டாம். மெயில்ல வந்தது டிக்கெட்டே இல்ல, இந்த இடத்துல மஞ்சக் குடையோட ஒரு ஆள் நிப்பாரு, அவரைப் பாருங்கன்னு ஒரு லெட்டர். அந்த மஞ்சக் குடை இருபத்தஞ்சு நிமிஷம் லேட். வந்து ஒரு பேப்பரைக் குடுத்துட்டுப் போயிட்டாரு, அதுல பிரிண்ட் ஆகியிருந்தது மியூசியம் சைட்லயே 16 யூரோவுக்கு விக்கிற அதே டிக்கெட். அதோட பை சோதனை பண்ற வரிசையை எந்த டிக்கெட்டும் தாண்ட வைக்காது, அதுல எல்லாரும் நிக்கணும். வீட்டுக்காரர் அன்னிக்கு முழுக்க எதுவும் பேசல, அது ஒரு லாபம்.

ஆனா ஓர்சே எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1900ல பாரிஸ்ல நடந்த உலகக் கண்காட்சிக்காகக் கட்டின ரயில்வே ஸ்டேஷன் அது, 1986லதான் மியூசியமா ஆச்சு. மேல கண்ணாடிக் கூரை, அஞ்சாவது மாடில பெரிய கடிகாரம், அது வழியா வெளிய ஊரு தெரியும். பையன் தண்டவாளம் எங்கன்னு கடைசி வரை கேட்டுட்டே இருந்தான். மத்தியானம் ஆத்தைத் தாண்டி நடந்தே ஒராஞ்ஜெரி போனோம், ஓவியர் மொனேவோட அல்லிக்குளம் எட்டு பெரிய ஓவியமா ரெண்டு முட்டை வடிவ ரூம்ல சுத்திலும் இருக்கு, நடுவுல உக்கார இடம் உண்டு. அம்மா அங்க கால் நீட்டி உக்காந்தது உக்காந்ததுதான். வயசானவங்களோட போறவங்க எந்த மியூசியத்துல எங்க உக்கார இடம் இருக்குன்னு முன்னாடியே பாத்து வெச்சுக்கங்க, டிக்கெட் விலையை விட அது முக்கியம்.

லூவ்ர்ல எல்லாத்தையும் பாக்கணும்னு போனா எதையும் பாக்க மாட்டீங்க. நாங்க மூணே மூணு குறிச்சுக்கிட்டோம். திறந்ததும் நேரா மோனாலிசா, 77க்கு 53 சென்டிமீட்டர், எத்தனை மொபைல் தலைக்கு மேல நீட்டிட்டு நிக்குது தெரியுமா. ஆனா அதுக்கு நேர் எதிர் சுவத்துல வெரொனேசே வரைஞ்ச 'கானா ஊர்க் கல்யாணம்' இருக்கு, கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம், 1797ல நெப்போலியன் படை வெனிஸ்லேர்ந்து தூக்கிட்டு வந்தது. அந்தப் பக்கம் திரும்பினவங்க ரொம்பக் கம்மி. அம்மா திரும்பினா. "ஏன்டி, கல்யாணப் பந்தி, இவ்வளவு பேர் உக்காந்திருக்காங்க, ஒருத்தராவது சாப்பிடறாங்களா பாரு"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு "அங்க ஒருத்தி பல்லு குத்திட்டு இருக்கா"ன்னா. நெஜமாவே இருக்கா, இடது பக்கம். அப்புறம் லூவ்ர்லயே ரிஷெல்யூங்கிற பகுதிக்குப் போய் பாபிலோன் ராஜா ஹமுராபியோட சட்டக்கல்லும் அசிரியாவோட ரெக்கை வெச்ச காளையும் பாத்துட்டு வெளிய வந்துட்டோம். ரெண்டே முக்கால் மணி நேரம், யாருக்கும் கால் வலிக்கல, சண்டை வரல.

செவ்வாய்க்கிழமைக்கு சான்ட் ஷாபெல் வெச்சோம், அதுக்கு வாரம் முழுக்க லீவு இல்ல. 13ம் நூற்றாண்டு கண்ணாடி ஜன்னல், உள்ள நுழைஞ்சா வெளிச்சமே கலரா விழும். ஆனா அது கோர்ட்டு வளாகத்துக்குள்ள இருக்கிறதால சோதனை கடுமை, அம்மா பைலேர்ந்து ஆப்பிள் நறுக்குற மடக்குக் கத்தி வெளிய வந்துச்சு. "பழம் வெட்டத்தான், சொல்லுடி அவங்கிட்ட"ன்னு அம்மா தமிழ்லயே வாதாடினா. கத்தி போச்சு. ஆப்பிளை விட்டுட்டாங்க. பின்னாடி கார்னவாலே போனோம், அங்க நிரந்தரக் காட்சிக்குக் காசே கிடையாது, பாரிஸ் கடைகளோட பழைய பெயர்ப்பலகையெல்லாம் தொங்க விட்டு ஒரு ரூம் முழுக்க, பையன் அங்கதான் அதிக நேரம் நின்னான்.

சித்தி பொண்ணு ஷீட்ல பாம்பிடூ சென்டர்னு நவீன கலை மியூசியம் இருந்துச்சு, அதை அடிச்சுட்டேன், 2025லேர்ந்து மூடி வேலை நடக்குது, 2030 வரைக்கும் திறக்காது. அந்த இடத்துல கிமே போட்டிருக்கேன். எமில் கிமேன்னு லியோன் தொழிலதிபர் ஒருத்தர் சேத்தது, பாரிஸ்ல 1889ல திறந்தது, ஆசியக் கலைக்குன்னே தனி மியூசியம். நாங்க சனிக்கிழமை இறங்கின அன்னிக்கு மத்தியானம், தூக்கக் கலக்கத்துல, முன்கூட்டி ஒண்ணும் புக் பண்ணாம போனோம், வரிசையே இல்ல. உள்ள சோழர் கால வெண்கல நடராஜர் நிக்கறாரு. அம்மா அம்பது வருஷமா கோயில் கோயிலா நடராஜரைப் பாத்தவ, ஆனா வஸ்திரமும் மாலையும் போட்டுதான் பாத்திருக்கா. இங்க ஒண்ணும் இல்லாம, முயலகன் முகம், தூக்கின கால், இடுப்பு வளைவு எல்லாம் அப்படியே தெரியுது. கும்பிட்டுட்டு மெதுவா ஒரு சுத்து சுத்தி வந்தா, பின்பக்கம் போனதும் நின்னுட்டா. சித்திக்கு வீடியோ கால் போடச் சொன்னா, ஊர்ல அப்ப ராத்திரி ஏழு மணி இருக்கும், சித்தி சமையல்ல இருந்தாங்க. அம்மா போனைத் திருப்பிக் காட்டி, "முதுகைப் பாருடி, எத்தனை தடவை சிதம்பரம் போயிருக்கோம், முதுகைப் பாத்திருக்கோமா?"ன்னா.