கலிமந்தானில் தொலைந்த ஒரு கடிதம்

இந்தோனேசியாவில் வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சுரங்க உரிமம் வாங்குவதைவிட, வாங்கிய உரிமத்தை அரசியல் மாற்றங்களுக்கு நடுவே காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. கிழக்குக் கலிமந்தானில் ஓர் இந்திய நிலக்கரிக் கம்பெனிக்காக அந்த வேலையைப் பார்த்தவன் நான். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எங்கள் உரிமம் மாவட்டத் தலைவரான புப்பாத்தி கொடுத்தது. ஆய்வு, அறிக்கை, சுற்றுச்சூழல் அனுமதி எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. அப்புறம் 2014-இல் 23-ஆம் எண் சட்டம் வந்து, சுரங்க அதிகாரத்தை மாவட்டத்திடமிருந்து பிடுங்கி மாகாணத்திடம் கொடுத்தது. கோப்புகள் பெட்டி பெட்டியாக மாகாணத் தலைநகர் சமாரிண்டாவுக்குப் போயின. எங்களுக்கோ, உரிமத்தில் வில்லங்கம் இல்லை என்று காட்டும் 'கிளீன் அண்ட் கிளியர்' சான்றிதழ் வாங்கியே ஆக வேண்டிய நேரம்.

மாகாண அலுவலகத்தில் கோப்பைப் புரட்டிய எழுத்தர், ஆய்வறிக்கையை ஏற்றுக்கொண்ட கடிதம் இல்லை என்றார். எங்களிடமிருந்த நகலை நீட்டினேன். மாவட்டம் முத்திரை போட்டுத் தந்த நகல்தான் செல்லும் என்று தலைநிமிராமல் சொன்னார். சரி என்று மாவட்டத்துக்குப் போனால், "எங்களுக்குத்தான் அதிகாரமே இல்லையே, எல்லாம் அனுப்பியாயிற்று" என்கிறார்கள். 2015 டிசம்பர் 9 உள்ளாட்சித் தலைவர் தேர்தல் நெருங்க நெருங்க ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. புதுப் புப்பாத்தி வரட்டும் என்று சொல்லியே திருப்பி அனுப்பினார்கள்.

அவர்கள் பயத்துக்கும் காரணம் இருந்தது. கிழக்குக் குத்தாய் மாவட்டம் 2010-இல் ரத்து செய்த உரிமங்களுக்காக, பிரிட்டனின் சர்ச்சில் மைனிங் 100 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு கேட்டுச் சர்வதேச நடுவர் மன்றத்தில் வழக்காடிக்கொண்டிருந்தது. உரிம ஆவணங்கள் போலி என்று 2016 டிசம்பரில் அந்த வழக்கு தள்ளுபடியானது. இந்த மாகாணத்தில் மாவட்டம் கொடுத்த பழைய உரிமத்தை விலைக்கு வாங்கப் போகிறவர்கள் நகலை நம்பிப் பணம் கட்டாதீர்கள். உரிம ஆணையின் எண் மாவட்டச் சட்டப் பிரிவின் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

எங்களைக் காப்பாற்றியதும் ஒரு பதிவேடுதான். "கோப்புகள்தான் போயின ஐயா, கடிதப் பதிவேடு இங்கேயேதான் இருக்கிறது" என்று ஒரு மூத்த ஊழியர் அலமாரியைத் திறந்தார். ஓரம் கிழிந்த பக்கத்தில் எங்கள் கடிதத்தின் எண், தேதி, பக்கத்திலேயே அதை வாங்கிக்கொண்ட எங்கள் ஆளின் கையெழுத்து! அந்தப் பக்கத்தின் நகலில் அலுவலக முத்திரை வாங்கி, கடிதம் தொலைந்த விவரத்தை 6,000 ரூப்பியா மெத்தராய் என்ற வரிவில்லை ஒட்டிய உறுதிமொழியாக எழுதிக் கொடுத்தோம். அதே எழுத்தர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். சான்றிதழ் வந்தது.

2020-இல் சட்டம் மறுபடி மாறி, அதிகாரம் ஜகார்த்தாவுக்குப் போனது. இந்த முறை பெட்டி கட்டும்போதே போய் நின்றேன். ஒப்படைப்புப் பட்டியலில் எங்கள் கடிதங்கள் ஒவ்வொன்றும் எண்ணோடு ஏறியதைச் சரிபார்த்து, முத்திரையோடு ஒரு பிரதியும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.