எழுத்து ‘ஆட் ஒன் அவுட்’: சுலபம் என்று நினைக்கும் இடத்தில்தான் மார்க் போகிறது

எஸ்.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்), ரயில்வே தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ரீசனிங்கில் வரும் எழுத்துக் கூட்டக் கேள்விகளை, அதாவது நாலு ஆங்கில எழுத்துக் கூட்டங்களில் மற்ற மூன்றோடு சேராத ஒன்றைக் கண்டுபிடிப்பதை, சும்மா கிடைக்கும் மார்க் என்று நினைக்கிறார்கள். மாக் டெஸ்ட் எழுதிப் பார்த்தால் தெரியும், சத்தமில்லாமல் மார்க் கரைவது இங்கேதான். நாலு ஆப்ஷனில் ஒன்று கண்ணை உறுத்தும். உடனே கை அதை அழுத்திவிடும். எஸ்.எஸ்.சி.யின் பட்டதாரி நிலைத் தேர்வான சி.ஜி.எல். முதல் கட்டத்தில் சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறுக்கு 0.50 கழிப்பு. ஒரு அவசரத்தில் 2.5 மதிப்பெண் போகிறது. கட் ஆஃப் ஓரத்தில் நிற்பவருக்கு அது வேலையே போன மாதிரி.

கண்ணை உறுத்துவது எது என்று தேடவே கூடாது. மீதி மூன்றையும் கட்டும் விதி எது என்றுதான் தேட வேண்டும். இதைப் பாருங்கள்:

சி-ஜி-எல், எச்-எல்-கியூ, ஈ-ஐ-என், எம்-கியூ-யு.

ஈ-ஐ-என் இரண்டு வவலோடு (ஏ, ஈ, ஐ, ஓ, யு ஐந்தும் வவல், மற்றவை கான்சனன்ட்) நிற்பதால் பார்வை அங்கேதான் போகும். ஏ என்றால் 1, பி என்றால் 2 என்று இசட் 26 வரை எண் போட்டுப் பாருங்கள். 3-7-12, 8-12-17, 5-9-14: மூன்றும் கூட்டல் 4, கூட்டல் 5. எம்-கியூ-யு மட்டும் 13-17-21, அதாவது இரண்டு தாவலும் 4. விடை அதுதான்.

சமீப வருட வினாத்தாள்களில் கேள்விக்குக் கீழேயே ஒரு குறிப்பு வருகிறது: வவல், கான்சனன்ட் எண்ணிக்கையையோ அவை நிற்கும் இடத்தையோ வைத்து விடை இல்லை என்று. பாதிப் பேர் அதைப் படிப்பதில்லை. படித்தால் ஒரு பொறி முழுசாக அடைபட்டுவிடும்.

குறிப்பு இல்லாத கேள்விகள்தான் தலைவலி. பயிற்சிப் புத்தகங்களில் இந்த மாதிரி நிறைய: ஈ-ஜி, ஐ-கே, எம்-ஓ, யு-எக்ஸ். இடைவெளி பார்த்தால் யு-எக்ஸ் தனி, மற்றதெல்லாம் 2. முதல் எழுத்தைப் பார்த்தால் எம்-ஓ தனி, மற்றதெல்லாம் வவலில் ஆரம்பிக்கிறது. இரண்டுமே நியாயமான விடை! விளக்கமே தராமல் வெறும் ‘ஆப்ஷன் 3’ என்று கடைசிப் பக்கத்தில் அச்சடித்துவைக்கும் புத்தகத்தை நம்பி ஒரு பிள்ளை தன் சரியான யோசனையைத் தப்பென்று எண்ணிக்கொள்கிறது. எனக்கு இதில் இன்னும் ஆறாத கோபம். விளக்கம் இல்லாத புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். இப்படிச் சிக்கினால் இடைவெளி விதியையே எடுங்கள். கேள்வி தயாரிப்பவர்கள் பெரும்பாலும் அதில்தான் நிற்கிறார்கள்.

ரஃப் ஷீட்டில் முதல் வேலை: ஏ முதல் எம் வரை ஒரு வரி, மேலே 1 முதல் 13. அதன் கீழே இசட்டிலிருந்து என் வரை தலைகீழாக, 26 முதல் 14. மேலும் கீழும் வருவது எதிர் ஜோடி, கூட்டினால் எப்போதும் 27. எச்-எஸ், எல்-ஓ, சி-எக்ஸ், எஃப்-டபிள்யூ என்று வந்தால் இடைவெளி 11, 3, 21, 17. அதில் எதுவும் பிடிபடாது. கூட்டிப் பார்த்தால் 27, 27, 27, கடைசியில் 29. முடிந்தது. இடைவெளி ஒத்துவராவிட்டால் அடுத்துக் கூட்டல் என்று மனசில் ஒரு வரிசை இருக்கட்டும்.

இசட்டைத் தாண்டி ஏ-வுக்குத் திரும்பும் இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எஃப்-ஐ-என், ஜே-எம்-ஆர், எக்ஸ்-ஏ-எஃப், எல்-ஓ-எஸ். எக்ஸ்-ஏ பின்னால் போகிறதென்று அதை அழுத்தாதீர்கள். 24-உடன் 3 சேர்த்தால் 27, அதில் 26 போனால் 1, அதுதான் ஏ. மற்ற இரண்டைப் போலவே கூட்டல் 3, கூட்டல் 5. கடைசியில் 4 மட்டுமே தாவும் எல்-ஓ-எஸ்தான் விடை.

நாலெழுத்துக் கூட்டம் வந்து பக்கத்துப் பக்கத்து இடைவெளி எதுவும் சொல்லாவிட்டால் ஒன்று விட்டு ஒன்று பாருங்கள். சி-ஆர்-எஃப்-ஓ, என்-கே-கியூ-எச், எச்-எக்ஸ்-கே-யு, எல்-வி-ஓ-ஆர்: முதலிலிருந்து மூன்றாவதுக்கு எல்லாவற்றிலும் கூட்டல் 3. இரண்டிலிருந்து நான்குக்கு முதல் மூன்றில் கழித்தல் 3, கடைசியில் கழித்தல் 4. இங்கே பாதி விதி நாலுக்கும் பொருந்துவதால் ‘கேள்வியே தப்பு’ என்று விட்டுவிடுகிறார்கள். மறுபாதியையும் பார்த்துவிட்டு விடுங்கள்.

100 கேள்விக்கு 60 நிமிடம் என்றால் ஒன்றுக்கு 36 விநாடி. இடைவெளி, கூட்டல், ஒன்று விட்டு ஒன்று: மூன்றும் கைகொடுக்காவிட்டால் ரிவ்யூவுக்குப் போட்டுவிட்டு நகருங்கள்.

தேர்வு முடிந்து ஆன்சர் கீ வந்ததும், உங்கள் விடைக்கு மூன்றையும் கட்டும் விதி இருந்தால் ஆட்சேபம் போடத் தயங்காதீர்கள். ரயில்வே தேர்வு நடத்தும் ஆர்.ஆர்.பி.யில் கேள்விக்கு 50 ரூபாயும் வங்கிக் கட்டணமும். ஆட்சேபம் ஏற்கப்பட்டால் பணம் திரும்பும். ‘என் விடை சரி’ என்று மட்டும் எழுதினால் எடுபடாது. நாலு ஆப்ஷனுக்கும் எண் போட்டு, மூன்றுக்குப் பொருந்தும் விதியை ஒரே வரியில் எழுதுங்கள்.