இரண்டு டேங்கர் ஸ்லட்ஜ்

எங்கள் சங்கத்தின் செய்தி மடலைத் தொகுக்கும் வேலை போன வருடம் என்னிடம் வந்தது. திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை பார்ப்பவர்கள், லேப் கெமிஸ்ட்கள், ஆலைகளில் சுற்றுச்சூழல் பிரிவைக் கவனிப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சின்னச் சங்கம். ஆறு மாதத்துக்கு ஒரு மடல், எட்டுப் பக்கம். உறுப்பினர்கள் வாட்ஸப்பில் அனுப்புவதை அடுக்கி, பிழை திருத்தி, அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

முதல் மடலுக்கு உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று மரக்கன்று நட்ட படங்கள் மட்டும் பதினான்கு வந்தன. ஒருவருக்குப் பதவி உயர்வு, ஒருவருடைய மகள் எம்.டெக் முடித்திருக்கிறாள், ஒரு பள்ளியில் மஞ்சப்பை கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் நல்ல செய்திகள், எல்லாவற்றையும் போட்டேன். அச்சாகி வந்த மடலைக் கையில் வைத்துப் புரட்டியபோதுதான் மனசுக்குள் உறுத்தியது. அந்த ஆறு மாதத்தில் எங்களுக்குள் நடந்த பெரிய விஷயம் அதில் ஒரு வரிகூட இல்லை.

மார்ச் மாதம் ஒரு நாள், ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு ஒரு போன் வந்தது. எங்கள் உறுப்பினர் ஒருவர், வயது முப்பதுக்குள், பல சாயப்பட்டறைகளின் கழிவை ஒன்றாகச் சுத்தம் செய்யும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் பொறுப்பு. "அண்ணா, டேங்க் செத்துப் போச்சுங்க" என்றார். குரல் நடுங்கியது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், சாயக்கழிவைச் சுத்தம் செய்வது மெஷின்கள் என்று நினைப்பார்கள். உப்பை வடிகட்டும் ஆர்.ஓ மெம்பிரேனும், தண்ணீரை ஆவியாக்கும் எவாபரேட்டரும் கண்ணுக்குத் தெரிகிற சாமான்கள். அதற்கு முன்னால் ஏரேஷன் டேங்க், அதாவது காற்று ஊட்டும் தொட்டி, இருக்கிறது. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதற்குள் கழிவைத் தின்று உயிர் வாழ்கின்றன. அவற்றுக்கு ராத்திரி பகல் பார்க்காமல் காற்று கொடுக்க வேண்டும், பி.எச், அதாவது அமில காரத் தன்மையின் அளவு, ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சூடு அதிகமாகக் கூடாது. மாடு வளர்ப்பவருக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தினமும் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் எடுத்துக் கண்ணாடி உருளையில் ஊற்றி அரை மணி நேரம் வைத்துப் பார்ப்போம். பாக்டீரியாக்கள் திரண்ட அந்தச் சேற்றைத்தான் ஸ்லட்ஜ் என்போம். நல்ல ஸ்லட்ஜ் என்றால் செம்பழுப்பாகத் திரண்டு அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். மோந்து பார்த்தால் மழை பெய்த மண் வாசனை வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இதை நம்பவில்லை. இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டே மூக்கை வைத்துச் சொல்லிவிடுவேன், டேங்க் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று.

அன்றைக்கு அந்தத் தம்பி அனுப்பிய படத்தில் உருளை முழுக்கக் கலங்கல். எதுவும் படியவில்லை. எங்கேயோ ஒரு சாயப்பட்டறையில் கலர் சரியாக வராத துணியை ஸ்ட்ரிப் செய்திருக்கிறார்கள், அதாவது ஏறிய சாயத்தை நீக்கியிருக்கிறார்கள். சாயம் நீக்கும் ரசாயனமான ஹைட்ரோஸும் காஸ்டிக் சோடாவும் கலந்த அந்தத் தண்ணீரை மொத்தமாகக் குழாயில் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஹைட்ரோஸ் தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். பி.எச் பத்தைத் தாண்டியிருக்கிறது. சேகரிப்புத் தொட்டியில் பி.எச் மீட்டர் கத்தியபோது தம்பி மேல்மாடியில், டேங்குக்குக் காற்று ஊதும் ப்ளோயரின் பெல்ட்டை மாற்றிக்கொண்டிருந்தார். கீழே வருவதற்குள் முக்கால் மணி நேரக் கழிவு ஏரேஷனுக்குள் போய்விட்டது.

நான் முதலில் கழிவு வரத்தை நிறுத்தச் சொன்னேன், காற்றை முழுக்கத் திறக்கச் சொன்னேன். அடுத்து பக்கத்தில் இன்னொரு நிலையத்தில் இருக்கும் மூத்த உறுப்பினரை எழுப்பினேன். அவருக்கு வயது அறுபதைத் தொடுகிறது. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "டேங்கர் இருக்குதா தம்பி, விடிஞ்சதும் அனுப்புங்க" என்றார். அவருடைய நிலையத்திலிருந்து ரிட்டர்ன் ஸ்லட்ஜ், அதாவது படியவைத்து மறுபடி டேங்குக்கே திருப்பிவிடும் உயிருள்ள ஸ்லட்ஜ், இரண்டு டேங்கர் நிரம்பப் போனது. தன்னுடைய நிலையத்திலும் வரத்து நிறைய இருந்த நேரம், கொடுத்தால் தனக்கும் சிக்கல் வரலாம். "எடுத்துக்கங்க, எனக்கு நாலு நாள்ல மறுபடி வளர்ந்துக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு பத்து நாள் தம்பி வீட்டுக்குப் போகவில்லை. டிரம்மில் பசுஞ்சாணி கரைத்து ஊற்றினார்கள், வெல்லம் கரைத்து ஊற்றினார்கள், யூரியாவும் டி.ஏ.பியும் அளந்து போட்டார்கள். சேகரிப்புத் தொட்டியில் நின்ற கழிவை ஆசிட் விட்டுச் சமன் செய்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார்கள். எங்களில் நான்கு பேர் முறை வைத்துப் போய்ப் பார்த்தோம். பதினோராம் நாள் காலையில் தம்பி மைக்ரோஸ்கோப்பில் போனை வைத்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பினார். மணி போன்ற உருவத்தில் ஒரு நுண்ணுயிர், காம்பு சுருங்கிச் சுருங்கி விரிகிறது. வோர்ட்டிசெல்லா. அது நடமாடுகிறதென்றால் டேங்க் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். நான் பஸ்ஸில் நின்றபடியே அந்தப் பன்னிரண்டு விநாடி வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இது மடலில் இல்லை. போட்டுவிடுகிறேன் என்று சொன்னபோது தம்பி கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாங்ணா, மேனேஜ்மென்ட் பார்த்தா என் கதை முடிஞ்சுது."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அப்படி ஒளித்தவன்தான்.

2010ல் ஒரு மழைக்கால ராத்திரி. நான் வேலை பார்த்த நிலையத்தில் மோட்டார் ட்ரிப் ஆனதைக் கவனிக்காமல் இருபது நிமிடம் விட்டுவிட்டேன். சேகரிப்புத் தொட்டி நிரம்பி வழிந்து, மழைத் தண்ணீரோடு சேர்ந்து பக்கத்து ஓடைக்குப் போனது. டார்ச் அடித்துப் பார்த்தேன், ஓடை கருநீலமாகப் போய்க்கொண்டிருந்தது. மோட்டாரைப் போட்டேன், தரையைக் கழுவினேன், பதிவேட்டில் 'இயல்பு' என்று எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை.

சில மாதங்களில், 2011 ஜனவரியில், சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது என்று 2006லேயே நீதிமன்றம் சொல்லியிருந்தது, கெடுவும் கொடுத்திருந்தது. அது நிறைவேறவில்லை. ஊரே வேலையில்லாமல் நின்றபோது நாங்கள் சில பேர் சாயங்காலம் ஒரு பேக்கரியில் கூட ஆரம்பித்தோம். ஒரே ஊரில் ஒரே வேலையை வருடக்கணக்கில் பார்த்தவர்கள், அதுவரை ஒருவருக்கொருவர் முகம்கூடத் தெரியாது. டீயைக் குடித்துக்கொண்டே பேசியதில் ஒன்று புரிந்தது. ஒரு நிலையத்தில் மெம்பிரேன் அடைத்த அதே காரணத்தால்தான் அடுத்த நிலையத்திலும் அடைத்திருந்தது. ஒரு இடத்தில் தெரிந்துகொண்ட பாடத்தை இன்னொரு இடம் மறுபடி காசு கொட்டிக் கற்றிருந்தது. எல்லோரும் பதிவேட்டில் 'இயல்பு' என்று எழுதியிருந்தோம். அந்த பேக்கரி மேசைதான் பின்னால் சங்கமானது.

பட்டறைகள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஒரத்துப்பாளையம் அணைக்குப் போனோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் சேரும் நொய்யலின் குறுக்கே 1992ல் திறந்த அணை. பாசனத்துக்காகக் கட்டியது. சில வருடங்களிலேயே அதில் சாயக்கழிவு தேங்கி, விவசாயிகளே தண்ணீர் விடாதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. ஆற்றையும் நிலத்தையும் காப்பாற்ற நீதிமன்றத்துக்குப் போனவர்கள் அந்த ஆயக்கட்டு விவசாயிகள்தான். அங்கே ஒரு பெரியவர் எங்களைத் தன் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்க் கிணற்றைக் காட்டினார். தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. "இதுல பருப்பு வேகாதுங்க, மாடுகூட மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்கும்" என்றார். நாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்று கேட்டார். சொன்னோம். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ உங்களுக்கு எல்லாம் தெரியுமாட்ட இருக்குது" என்றார். அந்த 'தெரியும்' என்ற சொல் எனக்குள் எங்கே போய் இறங்கியது என்று என்னால் எழுத முடியவில்லை. அன்றைக்குத் திரும்பி வரும்போது வேனில், 2010ல் நான் செய்ததை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். நான் முடித்ததும் பின் சீட்டிலிருந்து இன்னொருவர் தன்னுடையதைச் சொன்னார்.

அப்படித்தான் எங்கள் மாதக் கூட்டத்தில் முதல் அரை மணி நேரம் தவறுகளைச் சொல்வது என்ற வழக்கம் வந்தது. யாரும் குறிப்பெடுக்கக் கூடாது, வெளியே பேசக் கூடாது. நான் கல்லூரியில் படித்ததைவிட அந்த அரை மணி நேரங்களில் படித்தது அதிகம். லேப் பார்க்கும் அக்கா ஒருவர், இரண்டு மாதம் சி.ஓ.டி எண்ணிக்கை, அதாவது தண்ணீரில் எவ்வளவு கழிவு இருக்கிறது என்று காட்டும் அளவு, ஏறிக்கொண்டே போக, காற்றையும் கெமிக்கலையும் கூட்டிக் கூட்டிப் பார்த்த கதையைச் சொன்னார். கடைசியில் சந்தேகம் வந்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் வெறும் உப்பைக் கரைத்துச் சோதித்திருக்கிறார். கழிவே இல்லாத அந்த உப்புத் தண்ணீர் முந்நூறுக்கு மேல் காட்டியிருக்கிறது! சோதனையில் சேர்க்கும் டைக்ரோமேட் உப்பிலிருக்கும் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். அதைத் தடுக்க மெர்குரிக் சல்பேட் போடுவோம், குளோரைடு அதிகமான மாதிரிக்கு வழக்கமான அளவு போதாது. அவர் சொன்ன அடுத்த வாரமே நாங்கள் ஐந்து பேர் அவரவர் லேபில் உப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்தோம். இரண்டு பேருக்கு அதே கோளாறு.

இன்னொரு கூட்டத்தில் ஒருவர், பம்ப் அடைப்பை எடுக்கத் தன் ஆள் ஒருவரைக் கழிவுக்குழிக்குள் இறக்க இருந்ததைச் சொன்னார். அழுகிய முட்டை நாற்றம் முதலில் அடித்து அப்புறம் நின்றுவிட்டதாம், காற்று தெளிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் தெரியாது. நாற்றம் நிற்பதுதான் ஆபத்து. யாரோ போன் செய்ய, அவர் பேசிவிட்டுத் திரும்பி வருவதற்குள் அந்த ஆள் மனசு மாறி ஏணியை எடுத்துவிட்டதால் உயிர் தப்பியது. அன்றைக்கே தலைக்கு இவ்வளவு என்று போட்டு நான்கு வாயு அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கினோம். யாருக்கு வேண்டுமானாலும் இரவல் கொடுப்போம். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் யாரும் இறங்கக் கூடாது என்று அதன் பெட்டி மேலேயே தமிழில் ஒட்டியிருக்கிறோம். சாக்கடையில் மனிதரை இறக்குவதைத் தடுக்க 2013ல் சட்டம் வந்தது. சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014ல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இவ்வளவுக்குப் பிறகும் பேப்பரில் அந்தச் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. எங்கள் மீட்டரின் இரவல் நோட்டில் இதுவரை இரண்டு பக்கம் நிரம்பியிருக்கிறது. சங்கத்தின் சாதனை எது என்று கேட்டால் அந்த நோட்டைத்தான் காட்டுவேன்.

சரி, மடலுக்கு வருகிறேன். இரண்டாவது மடலில் பெயர், இடம், தேதி எதுவும் இல்லாமல் 'இந்த ஆறு மாதத்தில் தவறியவை' என்று இரண்டு பக்கம் ஒதுக்கலாம் என்று செயற்குழுவில் கேட்டேன். கடும் எதிர்ப்பு. "நம்ம கையால நாமளே எழுதிக் கொடுக்கறதா, நாளைக்கு எவனாவது எடுத்துட்டுப் போய்க் காட்டினா?" என்றார் ஒருவர். அவர் பயத்தில் நியாயம் உண்டு. எங்களில் பலருக்கு வேலைப் பாதுகாப்பு கிடையாது, தவறு நடந்தால் முதலில் போவது ஷிப்டில் இருந்தவன் வேலைதான். அதற்காக, கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினருக்கு அந்த உப்புத் தண்ணீர்க் கதை தெரியாமல் போவது சரியா? கரூர்ப் பக்கம் தனியாக ஒரு சின்ன ஈ.டி.பியை, அதாவது ஒரு ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை, ஓட்டும் பையனுக்கு, ஹைட்ரோஸ் வந்தால் என்ன செய்வது என்று யார் சொல்வார்கள்? இரண்டு மணி நேரம் பேசினோம். முடிவில் ஸ்லட்ஜ் கொடுத்த மூத்தவர்தான், "ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்றார்.

ஏழு குறிப்புகள் வந்தன. சில கையால் எழுதி, கையெழுத்தில்லாமல் கூரியரில் வந்தன. தம்பியும் எழுதியிருந்தார். பி.எச் மீட்டரின் அலாரம் மேல்மாடியிலும் கேட்க இரண்டாவது மணி வைத்திருப்பதாகவும், பி.எச் ஒன்பதைத் தாண்டினால் தானாக மூடிக்கொள்ளும் வால்வு பொருத்தியிருப்பதாகவும் கடைசி வரிகள். ஜூன் 5 படங்களும் அதே மடலில் இருக்கின்றன, ஒன்றையும் விடவில்லை. நஞ்சராயன் குளத்தில் பறவை பார்க்கப் போன படமும் உண்டு. திருப்பூரின் அந்தக் குளம் 2024 ஆகஸ்டில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் பட்டைத்தலை வாத்துகள் அங்கே வந்து இறங்குவதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது.

அடுத்த கூட்டம் இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்தரைக்கு. இந்த முறை அவரவர் டேங்க் ஸ்லட்ஜை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கப் போகிறோம். ஒரு லிட்டர் பாட்டிலில் பாதிதான் நிரப்ப வேண்டும், மேலே காற்று வேண்டும். மூடியை இறுக்கித் திருகாதீர்கள். கிளம்புவதற்கு முன்னால், கடைசியாக எடுத்து வாருங்கள், வழியில் வெயிலில் வைத்துவிடாதீர்கள்.